முதல் இடத்தில் நின்ற பக்கம்

மாரிக்கனி வந்து கதவைத் தட்டியபோது காலை பத்தரை இருக்கும். அக்சா மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றின் இணையப் பக்கம் தேடலில் ஒன்பதாம் இடத்திலிருந்து பதினோராம் இடத்துக்கு ஏன் சரிந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தே அவள் செய்துவந்த வேலை அதுதான். கம்பெனிகளின் பக்கங்களைத் தேடலில் முன்னால் கொண்டுவர வேண்டும். வந்தது பின்னால் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கும் மாரிக்கனி, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூட எடுக்காமல் வந்து நின்றாள்.

"அக்சா, எங்கண்ணனப் பாம்பு கடிச்சிட்டு. பெரியாஸ்பத்திரியில கெடக்காவ. மதுரைக்குக் கொண்டு போகணும்னு சொல்லுதாவ. செத்த நேரம் கூட வாயேன். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

அண்ணன் பேச்சிமுத்துவை அக்சாவுக்குத் தெரியும். சேத்தூரில் கரும்பும் வாழையும் வைத்திருப்பவர். வந்தால் தங்கைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம், பக்கத்து வீட்டுக்கு ஒரு சீப்பு. அக்சா ஸ்கூட்டியை எடுத்தாள்.

மருத்துவமனையில் பேச்சிமுத்துவின் இடது கால் முழங்கால் வரை தூண் மாதிரி வீங்கி, பாதம் கறுத்துப்போயிருந்தது. கணுக்காலுக்கு மேலே ஒரு இடத்திலும் முட்டிக்குக் கீழே ஒரு இடத்திலும் கயிறு பதிந்த தடம் நீலமாக ஓடியது. விஷமுறிவு மருந்து ஏற்றியாகிவிட்டது. ஆனால் சிறுநீர் சரியாகப் பிரியவில்லை என்பதால் மதுரைக்கு அனுப்ப ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அவர் மனைவி வேலுத்தாய் சுவரோரப் பெஞ்சில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் கரும்புச் சோகைத் துணுக்குகள் அப்படியே ஒட்டியிருந்தன.

வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் ஞானரத்தினம், வயதில் மூத்தவர், குரலை உயர்த்தாமல் கேட்டார். "கயிறு கட்டச் சொன்னது யாரும்மா?"

"போன்ல போட்டிருந்துச்சு சிஸ்டர்."

"எம்புட்டு நேரம் கட்டியிருந்தீங்க?"

"ரெண்டரை மணி நேரம் இருக்கும். கட்டிட்டு, பச்செலைய அரைச்சு வச்சுட்டுப் பாக்கச் சொல்லிப் போட்டிருந்துச்சு. வீக்கம் ஏற ஏறத்தான் பயந்து வண்டிக்குப் போன் அடிச்சோம்."

ஞானரத்தினம் பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்தார். வேலுத்தாய் யாரிடமாவது நிரூபித்தே ஆக வேண்டும் என்பதுபோல் போனைத் திறந்து அக்சாவிடம் நீட்டினாள். "நீ படிச்ச பிள்ளல்லா, பாரு. அதுல இருந்ததத்தான செஞ்சோம்?"

அக்சா வாங்கிப் பார்த்தாள். 'பாம்பு கடித்தால் உடனே செய்ய வேண்டிய ஏழு கைமருந்துகள்' என்று தலைப்பு. அடியில் நலக்கூடை என்று தளத்தின் பெயர். நீளமான பக்கம். அவள் விரல் மேலே தள்ளிக்கொண்டே போய் இரண்டாவது பத்தியில் நின்றது.

'பதறாதீர்கள். பாம்பும் பதறித்தான் கடித்திருக்கும்.'

அந்த வரி யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருபத்து மூன்று வயதில், நன்றாக வந்திருக்கிறது என்று தானே இரண்டு முறை வாசித்துப் பார்த்துக்கொண்ட வரி. அதை எழுதியவள் அக்சா.

"சரியாத்தான செஞ்சோம்?" என்று வேலுத்தாய் மறுபடியும் கேட்டாள்.

அக்சா போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஆம்புலன்ஸ் வந்துவிட்டதாகச் சத்தம் கேட்டது. பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

தென்காசி ரோட்டில் ஒரு மாடி அறையில், 2012ல், விஜயபாண்டி என்பவர் அந்தத் தளத்தை நடத்திவந்தார். நான்கு கம்ப்யூட்டர்கள், நான்கு பெண்கள். காலையில் தலைப்பு கொடுப்பார். மாலைக்குள் ஆளுக்கு மூன்று கட்டுரை. பிஎஸ்சி இயற்பியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த அக்சாவுக்கு அது முதல் வேலை. பாம்புக்கடிக் கட்டுரையை ஒரு மின்வெட்டு மதியத்தில், இன்வெர்ட்டர் அணைவதற்குள் முடிக்க வேண்டுமென்று எழுதியிருந்தாள். பாதி புரிந்த இரண்டு ஆங்கிலப் பக்கங்கள், ஒரு பழைய வைத்தியக் குறிப்பு, வேறு இரண்டு வலைப்பூக்கள். "நீளமா எழுதும்மா, அப்பத்தான் வந்தவன் செத்த நேரம் இருப்பான்" என்று விஜயபாண்டி சொல்லியிருந்தார். நீளமாகத்தான் எழுதினாள்.

வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தவள் பேண்டேஜ் கம்பெனியை மறந்துபோனாள். பாம்பு கடித்தால் என்று தமிழில் தேடினாள். ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டித் தேடினாள். எழுத்துப் பிழையோடு தேடினாள். எப்படித் தேடினாலும் நலக்கூடைதான் முதலில் வந்தது. அதற்கும் மேலே ஒரு கட்டம் போட்டு, கட்டத்துக்குள் அவள் எழுதிய வாக்கியத்தையே பதிலாக எடுத்து வைத்திருந்தது தேடல்: 'கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டவும்.'

எப்படி அங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். அதுதானே அவள் தொழில். பக்கம் எழுதப்பட்ட காலத்தில் தமிழில் அந்த விஷயத்தைப் பற்றி ஒழுங்காக எதுவும் கிடையாது. இருந்த ஒன்றை ஆள் ஆளுக்குத் தங்கள் வலைப்பூவில் இணைத்தார்கள். இணைக்க இணைக்கத் தேடல் அதை மேலே ஏற்றியது. மேலே இருந்ததால் வந்தவர்கள் அதைத்தான் தொட்டார்கள். தொட்டவர்கள் உடனே திரும்பவில்லை. ஏழு கைமருந்தையும் படித்து முடிக்க நான்கு நிமிடம் ஆகும். இவ்வளவு பேர் வந்து இவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்றால் நல்ல பக்கம்தான் போலிருக்கிறது என்று தேடலின் கணக்கு முடிவுகட்டியிருக்க வேண்டும். பன்னிரண்டு வருடத்துப் பழக்கம் அது. அந்த நான்கு நிமிடமும் எங்கே, எந்தத் தரையில் உட்கார்ந்து கழிந்திருக்கும் என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. அக்சா அப்போதுதான் அதை நினைத்துப் பார்த்தாள். அதன் பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

மறுநாளே ஞானரத்தினத்தைப் போய்ப் பார்த்தாள். உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, எதையும் பூசக்கூடாது, காலை அசைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். "இதுக்கு மேல ஒண்ணும் இல்லம்மா" என்றார் ஞானரத்தினம். "வந்து சேர்ந்தாப் போதும்." எழுதியதைப் பணிமருத்துவரிடமும் காட்டினாள்; அவர் திருத்திக் கொடுத்தார்.

அக்சா புதிதாக ஒரு இணைய முகவரி வாங்கி, அதை வலையேற்றினாள். ஒரு வாரம் கழித்துத் தேடிப் பார்த்தால் ஐந்தாவது திரையில், ஐம்பதுக்குப் பக்கத்தில் கிடந்தது. பதினைந்து நாள் கழித்தும் அங்கேயே கிடந்தது. புது முகவரியைத் தேடல் அவ்வளவு எளிதில் நம்பாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள்தான் அவள். ஆறு மாதம் பொறுங்கள், ஒரு வருடம் பொறுங்கள் என்று கம்பெனிக்காரர்களிடம் சொல்லுவாள். இப்போது அவளாலேயே ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. சோறு வடிக்கும்போது ஒரு தடவை, துணி காயப்போடும்போது ஒரு தடவை என்று போனை எடுத்துத் தேடிக்கொண்டே இருந்தாள்.

மில்லில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் அவள் கணவன் பெனின் இரண்டு வாரம் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு நடுவில் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தான்.

"நீ எழுதலேன்னா வேற ஒருத்தி எழுதியிருப்பா. அந்தாளு கொடுத்த வேலை அது."

"எழுதினது நாந்தானங்க. வேற ஒருத்தி இல்லையே."

"அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுத?"

அவளிடம் ஒரு யோசனை இருந்தது. அது மட்டமான யோசனை என்றும் அவளுக்குத் தெரியும். கம்பெனிக்காரர்கள் கேட்டால் செய்யக்கூடாது என்று சொல்லியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று, பாம்புக்கடி பற்றி ஒரு நல்ல பக்கம் எழுதியிருப்பதாகவும், எல்லோரும் தங்கள் போனில் தேடி அதைத் தொட்டுப் படித்தால் அது மேலே வரும் என்றும், ஊருக்கு உபகாரம் என்றும் சொன்னாள். முப்பது பேருக்கு மேல் போனை எடுத்தார்கள். மாரிக்கனியும் தன்னிடம் தையல் கற்கும் பெண்களை அன்று மதியம் உட்காரவைத்துத் தேடச் சொன்னாள்.

அக்சாவின் பக்கத்தை அடைய ஐந்து திரை தள்ள வேண்டும். கூட்டத்தில் பாதிப் பேர் முதல் திரையிலேயே நின்றுவிட்டார்கள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி ஒரு அம்மாள் வந்து அவள் தோளைத் தட்டினாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே பிள்ள. பாம்பும் பதறித்தான் கடிச்சிருக்கும்னு. எம்புட்டு அழகாச் சொல்லியிருக்கே! எங்க மகளுக்கும் அனுப்பிட்டேன்."

அக்சாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. "ஐயோ, அது இல்ல அத்தை. அது இல்ல" என்று பதறினாள். ஆனால் எது என்று காட்டுவதற்குள் நாலு பேர் பழைய பக்கத்தைப் படித்து முடித்துவிட்டிருந்தார்கள். அந்த வாரம் அவளுடைய புதுப் பக்கம் முப்பதாவது இடம் வரை ஏறிவிட்டு, அடுத்த வாரம் பழையபடி ஐம்பதுக்குப் போனது. முதல் இடத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை.

அதன் பிறகுதான் விஜயபாண்டியைத் தேடினாள். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. அவரைப் பார்த்தால், தான் எழுதியது உறுதியாகிவிடும் என்று எங்கோ ஒரு பயம் இருந்திருக்க வேண்டும். மாடி அறை என்றோ காலியாகியிருந்தது. அவர் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில் கோயிலுக்குப் போகிற தெருவில் ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அக்சாவை அடையாளம் கண்டு சந்தோஷப்பட்டார். நலக்கூடையை ஞாபகப்படுத்தியதும் சிரித்தார்.

"அது இன்னும் உசிரோடயா இருக்கு? வருசா வருசம் அதுபாட்டுக்குக் கார்டுல பணம் பிடிச்சு, புதுப்பிச்சுக்கிட்டு ஓடுது போல. நான் உள்ள போயே ஏழெட்டு வருசமாச்சு."

அவள் பேச்சிமுத்துவின் காலைப் பற்றிச் சொன்னாள். அவர் சிரிப்பு நின்றது. கடைக்குள் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"கேஸ் கீஸ்னு எதுவும்...?"

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. எடுத்துருங்க. அது போதும்."

அவர் மறுப்பார், வாதாட வேண்டியிருக்கும் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் பேச்சைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை. பழைய நோட்டு ஒன்றில் கடவுச்சொல்லைத் தேடி எடுக்கத்தான் முக்கால் மணி நேரமானது. ஃபிளெக்ஸ் மெஷின் ஏதோ ஒரு காதணி விழா பேனரைத் துப்பிக்கொண்டிருக்க, விஜயபாண்டி தன் கையாலேயே அந்தப் பக்கத்தை அழித்தார்.

ராஜபாளையத்துக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பல நாளுக்குப் பிறகு கண் அசந்தது.

அந்த நிம்மதி ஐந்து நாள் இருந்தது. ஆறாம் நாள் தேடிப் பார்த்தால், மேலே கட்டம் போட்டு மறுபடியும் அதே வாக்கியம். கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டவும். தளத்தின் பெயர் வேறு. உள்ளே போனால் தலைப்பில் ஏழு என்பது ஒன்பதாகியிருந்தது. இரண்டாவது பத்தியில் பாம்பும் பதறிக்கொண்டுதான் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு தளம், அதற்கும் கீழே இன்னொன்று. அவளைப் பார்த்து எழுதியவர்கள், அவர்களைப் பார்த்து எழுதியவர்கள். முதல் இடத்தில் அவள் நின்றிருந்தவரை இவர்களெல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறார்கள். அவள் விலகியதும் ஆளுக்கு ஒரு அடி முன்னால் வந்துவிட்டார்கள்.

அன்றைக்கு அவள் செய்த தவறும் அவளுக்கு உறைத்தது. பன்னிரண்டு வருடமாக ஜனங்கள் வந்து வந்து போன தடம் எல்லாம் அந்த ஒரு முகவரியில்தான் இருந்தது. அழித்ததால் தப்பான பேச்சு குறையவில்லை, அந்தத் தடம்தான் வீணாகிக்கொண்டிருந்தது. அதே முகவரியில் சரியானதை எழுதியிருந்தால்? பக்கம் இல்லை, பக்கம் இல்லை என்ற பதிலையே தொடர்ந்து பெற்றால் தேடல் ஒருநாள் அந்த முகவரியையே மறந்துவிடும். எத்தனை நாளில் மறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

"அண்ணாச்சி, அத மறுபடியும் போடணும்" என்று விஜயபாண்டியிடம் போனில் சொன்னாள்.

"ஏம்மா, நீதான அழின்னு சொன்ன?"

"அதே முகவரி. உள்ள இருக்கிறது வேற. கடவுச்சொல்ல எனக்குக் கொடுத்துருங்க, நான் பாத்துக்கிடுதேன்."

அழித்த பதினோராம் நாள் பக்கம் திரும்ப வந்தது. அதே முகவரி, உள்ளே ஞானரத்தினம் சொல்லி மருத்துவர் திருத்திய ஆறு வரி. எதுவும் செய்யாதீர்கள், 108க்கு அழையுங்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நான்கே நாளில் தேடல் அதைக் கண்டுகொண்டு இரண்டாம் இடத்தில் வைத்தது. அக்சா பெனினைக் கூப்பிட்டுக் காட்டினாள். அடுத்த வாரம் நான்காம் இடம். அதற்கடுத்த வாரம் ஏழு.

வந்தவர்களின் பதிவை எடுத்துப் பார்த்தாள். வருகிறார்கள், எட்டு விநாடி, பத்து விநாடி, திரும்பிவிடுகிறார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் பக்கத்தில் 108க்கு அழைக்க வைத்திருந்த பொத்தானைத் தொட்டவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. மற்றவர்கள் தேடலுக்குத் திரும்பி, அடுத்த பக்கத்தைத் தொட்டிருப்பார்கள். ஒன்பது கைமருந்துப் பக்கத்தை. எதுவும் செய்யாதே என்று சொல்லுகிற பக்கத்தில் ஏன் ஒருத்தரும் நிற்கவில்லை என்பது அவளுக்குப் புரியவில்லை.

இதற்குள் பேச்சிமுத்து மதுரையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். ஏழு தடவை டயாலிசிஸ். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மாரிக்கனி அதைச் சொன்ன அன்று மத்தியானம் அக்சா சேத்தூருக்கு பஸ் ஏறினாள். ஏன் போகிறாள் என்று மாரிக்கனியிடம் சொல்லவில்லை.

வேலுத்தாய் வாசல் குழாயடியில் கட்டுத் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். உள்ளே பேச்சிமுத்து தூங்குகிறார் என்று சைகை காட்டினாள். அக்சா உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"அக்கா, அன்னைக்குப் போன்ல காட்டுனீங்கள்ல, அத எழுதினது நாந்தான்."

வேலுத்தாய்க்கு முதலில் விளங்கவில்லை. "எத?"

"பாம்பு கடிச்சா கட்டணும்னு போட்டிருந்தத. பன்னெண்டு வருசத்துக்கு முன்னால. வேலைக்கு இருந்தப்ப."

வேலுத்தாய் கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். உதறினாள். கொடியில் போட்டாள். பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள். குழாயிலிருந்து தண்ணீர் வாளியில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அக்சா போய் அதை அடைத்துவிட்டு, போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள். பத்து நிமிடமோ கால் மணி நேரமோ ஆகியிருக்கும். வேலுத்தாய் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"ஏட்டி, யாரு சொல்லி எழுதினே அத?"

"யாரும் சொல்லல. வேற நாலு பேர் எழுதினதப் பாத்து எழுதினேன்."

"அந்த நாலு பேரு யாரப் பாத்து எழுதினாவ?"

வேலுத்தாய் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அன்னைக்கு ஒனக்குத் தெரியுமா, மொதல்ல வேற ஒண்ணத்தான் தொட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு ரெண்டு வரி. ஒன்னோடதுக்குக் கீழ கெடந்துச்சு. அத விட்டுட்டு ஒன்னோடதுக்கு வந்தேன்."

"ஏங்க்கா?"

"வண்டிக்கு அடிச்சாலும் வர அரை மணி நேரமாவும்னு தெரியும். அவிய அலறிக்கிட்டுக் கெடக்காவ. நான் என்ன செய்ய, கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கவா? ஒன்னோடதுல கையில செய்யச் சோலி இருந்துச்சு. கயிறு எடு, கட்டு, எல பறி, அரை. அது செய்யச் செய்ய எனக்கு நடுக்கம் நின்னுச்சு." அவள் தன் கைகளை விரித்துப் பார்த்தாள். "எனக்கு நடுக்கம் நின்னுச்சு. அவியளுக்கு வெரலு போச்சு."

உள்ளிருந்து பேச்சிமுத்து இருமும் சத்தம் கேட்டது. வேலுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போ. பொறவு பாக்கலாம். இன்னைக்கு ஒன்ன உக்காரச் சொல்ல எனக்கு மனசு வரல" என்றாள்.

அக்சா நடந்தே பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். பஸ்ஸில் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. கூடவே, கையில செய்யச் சோலி இருந்துச்சு என்ற வார்த்தை மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. ராஜபாளையத்தில் இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போய் ஞானரத்தினத்தின் பணி முடியும்வரை காத்திருந்தாள்.

"சிஸ்டர், வண்டி வர்ற வரைக்கும் அவங்க கையில கொடுக்க வேலை வேணும். ஒண்ணும் செய்யாதன்னா கேக்க மாட்டாங்க. ஒங்களுக்கு உதவுற மாதிரி வேலை என்னென்ன இருக்கு?"

ஞானரத்தினம் முதலில் முகம் சுளித்தார். பிறகு ஹேண்ட்பேக்கைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். யோசிக்க யோசிக்க வந்தது. கொலுசு, மெட்டி, மோதிரம், கால் கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்னால் கழற்ற வேண்டும். கட்டை ஒன்றோ மடித்த அட்டையோ எடுத்து, கால் அசையாதபடி துணியால் தளர்வாகச் சேர்த்துக் கட்ட வேண்டும், ஒரு விரல் உள்ளே நுழைகிற அளவுக்கு. கடித்த நேரத்தைக் கையில் பேனாவால் எழுத வேண்டும். வீக்கம் எதுவரை வந்திருக்கிறது என்று அடிக்கடி கோடு போட்டு, பக்கத்தில் நேரம் குறிக்க வேண்டும். நடக்க விடக்கூடாது, தூக்கித்தான் வர வேண்டும். ஒருவர் தெருமுனைக்குப் போய் ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட நிற்க வேண்டும். "இந்தக் கோடு மட்டும் போட்டுட்டு வந்தா டாக்டருக்கு எம்புட்டு உபயோகம் தெரியுமா?" என்றார்.

மறுநாள் முழுக்க அக்சா எழுதினாள். மருத்துவர் மறுபடியும் பார்த்துக் கொடுத்தார். முதல் வரியில் 108க்கான பொத்தான். அதற்குக் கீழே, 'வண்டி வருவதற்குள் உங்கள் கையால் செய்ய வேண்டியவை.' ஒவ்வொன்றுக்கும் படம். காலுக்கு மாரிக்கனியின் கால். சேர்த்துக் கட்டிய துணி அவள் தையலில் மிஞ்சிய துண்டுத் துணி. கயிறு கட்டாதீர்கள் என்பதைச் சிவப்பில் போட்டு, இந்தப் பக்கத்தில் முன்பு இருந்தது தவறு, அதன்படி கயிறு கட்டியதால் ஒருவர் கால் விரல்களை இழந்தார் என்றும் எழுதினாள். பெயர் போடவில்லை. பதறும் பாம்பு வரியை எங்கேயும் சேர்க்கவில்லை.

விஜயபாண்டி அதைப் படித்துவிட்டு, "தப்புன்னு நாமளே போட்டுக்கிடணுமாம்மா?" என்று போனில் கேட்டார். "போடணும் அண்ணாச்சி" என்றாள்.

பக்கம் பத்து நாள் ஏழிலேயே நின்றது. பிறகு ஆறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று பத்துக்குப் போய், அவளைப் பைத்தியம் மாதிரி வீட்டுக்குள் நடக்கவிட்டு, புதன்கிழமை ஐந்துக்கு வந்தது. பெனின் இப்போதெல்லாம் ஷிப்ட் முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "எத்தனை?" என்று கேட்பான். அவள் விரலைக் காட்டுவாள். பதிவில், வந்தவர்கள் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் தங்கத் தொடங்கியிருந்தார்கள். 108ஐத் தொடுபவர்கள் நூற்றுக்கு இருபதுக்கு மேல் ஆனார்கள். திரும்பிப் போய் இன்னொரு பக்கத்தைத் தேடுவது குறைந்துவருகிறது என்றுதான் தெரிந்தது. மூன்றாம் மாதம் அது இரண்டாம் இடத்துக்கு வந்தது. சில நாள் முதலிடம், சில நாள் மூன்று. காப்பியடித்த தளங்களுக்கு அவள் எழுதிய கடிதங்களில் ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது, அவர்கள் மாற்றிவிட்டார்கள். ஒன்பது கைமருந்துக்காரர்கள் வாயே திறக்கவில்லை. இன்றும் அந்தப் பக்கம் இவளோடு மாறி மாறி முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

ஒருநாள் காலையில் பேச்சிமுத்து கைத்தடி ஊன்றிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தார். வந்தவர் அங்கே பத்து நிமிடம்கூட இருக்கவில்லை. கையில் வாழைப்பழம் ஏதும் இல்லாமல் அக்சாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். அக்சா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வீட்ல சொன்னா" என்றார், உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டே. "எனக்குக் கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. நடக்கையில வரும். புதுசா ஒண்ணு எழுதியிருக்கியாமே. வாசி, கேக்கேன். எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது."

அவள் வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல, நிறுத்தாமல். அவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"கடிச்ச பாம்பத் தேடணுமா வேண்டாமா? அது இதுல இல்லையே."

அக்சா திரையைப் பார்த்தாள். இல்லைதான்.

"அன்னைக்கு விடியுமுன்ன பக்கத்துத் தோட்டத்துக்காரனுவ அரை மணி நேரம் தேடுனானுவ. கரும்புக்குள்ள லைட்ட அடிச்சுக்கிட்டு, கம்ப வச்சுக்கிட்டு. பாம்பக் கொண்டு போய்க் காட்டினாத்தான் ஊசி போடுவாவன்னு ஒருத்தன் சொல்லிட்டான். வண்டி வச்சிருந்தவனும் அதுக்குள்ளதான் கெடந்தான்."

அவள் உடனே ஞானரத்தினத்துக்கு அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். "தேடவே வேண்டாம், அடிக்கவும் வேண்டாம்" என்றார் அவர். "பாம்பு தெரியலேன்னாலும் ரத்தத்தப் பாத்து வைத்தியம் பண்ணுவாங்க. தேடப் போன எடத்துல இன்னொருத்தனையும் கடிச்சு ரெண்டு பேரா வந்த கதையெல்லாம் இருக்கு. டாக்டரும் இதையேதான் சொல்லுவாரு, கேட்டுக்கோ."

அக்சா மடிக்கணினியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அதைத் தட்டினாள். பேச்சிமுத்து எட்டிப் பார்த்தார்.

"எங்க போடுத?"

"கடைசியில, ஏழாவதா."

"மேல போடு. ஆம்பளைய மொதல்ல அந்தச் சோலியத்தான் செய்வானுவ."

அவள் அந்த வரியை வெட்டி எடுத்து, 108 பொத்தானுக்கு நேர் கீழே ஒட்டினாள்.